அம்மாவின் இடது கால் வளர்ந்த விதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், அந்தச் சுகம் என்ற வார்த்தைக்கு வருவதற்குள் கை நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறோம், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு வலது தோளைத் தூக்கினால் மட்டும் பிடித்துக்கொள்கிறது, இதை இப்போதைக்குச் சுகம் என்று வைத்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. ஏழு வாரமாக நீ போனை எடுக்கவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை பாப்பா. நீ எடுக்காததற்கு என்ன காரணம் என்று உனக்குப் பாதிதான் தெரியும், எனக்கு முழுசாகத் தெரியும். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுக்கப்போவதில்லை, எடுத்தாலும் உன் குரலைக் கேட்டதும் நான் வழக்கம்போல மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால் காகிதம். எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது, எழுத்து அங்கங்கே கோணும், பொறுத்துப் படி.

இங்கே வேலை அப்படியே போகிறது. ஓய்வு கொடுத்து மூன்று வருடம் ஆகியும் ஆள் போதவில்லை என்று ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள் கூப்பிடுகிறார்கள், அதே சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறை, இந்தப் பக்கம் சோப்பு நெடி, அந்தப் பக்கம் பசை நெடி, நடுவில் நான். ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் மடங்கினவர்கள், விரல் போனவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து ஷூ தைத்துக் கொடுத்தே முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், யாரிடமும் உங்களுக்குச் சரியாகிவிடும் என்று சொல்லக் கூடாது, நடக்க முடியும் என்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனபோது நீ வந்து மூன்று வாரம் கூடவே இருந்தாய். நீ போன பிறகுதான் எலும்பு கூடியது, கூடும்போது இடது காலை இரண்டு சென்டிமீட்டர் குட்டையாக்கிவிட்டது. இப்படிப்பட்டவர்களை நிற்கவைத்து, குட்டைக் காலுக்கு அடியில் ஐந்து மில்லிமீட்டர் பலகைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவோம், இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிறுத்துவோம். அம்மாவுக்கு நாலு பலகை பிடித்தது. அந்த உயரத்தை அப்படியே அடிப்பாகத்தில் ஏற்றி ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தேன், நானே சொல்லக் கூடாது, நல்ல வேலை. ஒரே ஒருநாள் போட்டாள். எல்லாரும் என் காலைத்தான் பாக்கிறாங்க, ஒருத்தர்கூட என் மூஞ்சியைப் பாக்கிறதில்லை என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதன் பிறகு பழைய செருப்பும் தடியும்தான்.

அம்மா பிடிவாதம் உனக்குத் தெரியாததா. நானும் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், கடைசியில் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஒரு காரியம் செய்தேன். புதிதாக ஒரு ஜோடி தைத்தேன், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. இடது ஷூவுக்குள்ளே, உள்ளங்கால் படும் தோலுக்கு அடியில், பன்னிரண்டு மில்லிமீட்டர் கார்க் வைத்தேன். அதற்கு மேல் வைத்தால் குதிகால் வெளியே வந்துவிடும், அதனால் வலது ஷூவின் அடியை ஆறு மில்லிமீட்டர் தேய்த்து எடுத்தேன். ஆக மொத்தம் பதினெட்டு, மீதி இரண்டை உடம்பே சமாளித்துக்கொள்ளும். அவளிடம், புது ஜோடி, மெத்தென்று இருக்கும், போட்டுப் பார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளே உயரம் இருக்கிறது என்றால் அதுவும் கட்டிலுக்கு அடியில் போகும் என்று பயம்.

அவள் அதை முதல்முதலாகப் போட்டுக்கொண்டு போனது எங்கே என்றால் நம் சபையில் நடந்த சுகமளிக்கும் கூட்டத்துக்கு. வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார், ஒலிபெருக்கியை விட்டுப் பிரியாத மனுஷன், நம் சபைப் பிள்ளைகள் அவருக்கு மைக் ஐயா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கி மண்டபத்துக்குள் போகும்வரை அம்மா பழையபடி நொண்டித்தான் நடந்தாள், தடியை ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, இரண்டு வருடம் சாய்ந்து பழகின உடம்பு ஷூ மாற்றின நிமிஷமே நிமிராது, தடியைப் பிடுங்கிக்கொண்டு நாலு அடி நட என்று நாங்கள் யாராவது சொல்ல வேண்டும். அன்றைக்கு அதை மைக் ஐயா சொல்லிவிட்டார். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு காலையும் ஷூவோடு சேர்த்து நீட்டிப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார், பார்த்தால் குதிகால் இரண்டும் சமமாக இருக்கிறது. தடியைக் கீழே போடுங்கம்மா, விசுவாசத்தோட எழுந்து நடங்க என்றார். அம்மா எழுந்தாள், நடந்தாள், நேராக நடந்தாள். மண்டபம் முழுக்க அல்லேலூயா. அவரைத் தப்பாக நினைக்காதே பாப்பா, அவர் நாடகம் போடுகிற ஆள் இல்லை, அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அந்த இடத்தில் விஷயம் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கத்தான் செய்தேன். அதற்குள் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், நடந்தே வீட்டுக்குப் போலாங்க என்றாள். கடைத்தெரு முழுக்க என் பக்கத்திலேயே நடந்து வந்தாள். இரண்டு வருடமாக எப்படி என்றால் நான் பத்தடி முன்னால் போய் நிற்பேன், அவள் வந்து சேருவாள், மறுபடி நான் பத்தடி போவேன். அன்றைக்குப் பழக்கடையைத் தாண்டி, தபால் நிலையத்தைத் தாண்டி, பேசிக்கொண்டே வந்தோம், எதைப் பற்றி என்று கேட்டால் ஒன்றும் இல்லை, விலைவாசியைப் பற்றி. எனக்கு அந்த நடை பிடித்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கினேன். இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் அதையே நினைத்துக்கொண்டு எழுந்தேன், அதையே நினைத்துக்கொண்டு படுத்தேன். அதற்குள் ஞாயிறுதோறும் அவள் தன் கால் சுகமானதைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

வினை எங்கே பிடித்தது என்றால் வீட்டுக்குள். வீட்டில் அவள் வெறுங்காலோடுதானே நடப்பாள். கால் முடியாதவர்கள் ஷூவோடு உள்ளே வரலாம் என்று சபையில் விட்டிருக்கிறார்கள், அங்கே நேராக நடக்கிறவள் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றி வைத்து உள்ளே வந்ததும் நொண்டுகிறாள். ஒரு வாரம் யோசித்தாள், பிறகு, வெளியில தங்குற சுகம் வீட்டுக்குள்ள தங்கலைன்னா இந்த வீட்டுலதான் என்னமோ இருக்கு என்று முடிவுக்கு வந்துவிட்டாள். தேட ஆரம்பித்தாள். என் பழைய சீட்டுக்கட்டு குப்பைக்குப் போனது. அலமாரியைக் கவிழ்த்தாள். வாரம் இரண்டு நாள் உபவாசம் என்றாள், சர்க்கரை உள்ளவளுக்கு உபவாசம், தலைசுற்றி அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிட்டு, நீங்க முழு மனசோடதான் ஜெபிக்கிறீங்களா என்று விசாரணை வைத்தாள், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷூவை ஏன் சந்தேகப்படவில்லை என்று நீ கேட்பாய். ஆண்டவர் கொடுத்தார் என்று நம்புகிறவள் செருப்பைப் புரட்டிப் பார்ப்பாளா. எல்லாம் தேடி முடித்த பிறகு அவள் உன்னிடம் வந்து நின்றாள்.

அந்தப் போனை நீ மறந்திருக்க மாட்டாய். நாலு வருஷமா எந்த ஆராதனைக்கும் போகாம இருக்கே, உன் ஒருத்தியோட அவிசுவாசம் இந்த வீட்டு வாசப்படியில வந்து நிக்குது, நீ திருந்தினாத்தான் என் கால் தங்கும் என்று அவள் சொன்னாள். நீ கத்தவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, அப்பா பக்கத்துல இருக்காரா என்று மட்டும் கேட்டாய். அம்மா என் பக்கம் போனை நீட்டினாள். நான் இல்லை என்று கையை ஆட்டினேன். அப்பா வெளியே போயிருக்கார் என்று அவள் உன்னிடம் சொன்னது பொய், பாப்பா, அந்தப் பொய்யும் எனக்காகச் சொன்னது. நான் எங்கேயும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன், கையை நீட்டினால் போன் எட்டும். அம்மாவின் கால் ஏன் தங்கவில்லை என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் நீ தப்பித்திருப்பாய். என் கார்க்கைக் காப்பாற்றுவதற்காக உன்னை விட்டுக்கொடுத்தேன்.

பிறகு எப்படி உண்மை வெளியே வந்தது என்று கேட்டால், அதையும் நானாகச் செய்யவில்லை. நம் சபைக்கு வருகிற துணிக்கடைக் கல்லாக்காரம்மாவை உனக்குத் தெரியும், சின்ன வயதிலேயே போலியோவில் வலது கால் சூம்பிப்போனவர், தொடைவரை இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு நடப்பவர், அந்தப் பட்டைக்கு அடியில் ஷூ வைத்துக் கொடுத்ததே நான்தான். அவர் அம்மாவிடம் வந்து எப்படிச் சுகம் கிடைத்தது என்று கேட்டிருக்கிறார், இவளும் உள்ளதைத்தானே சொல்வாள், நான் தடியைத் தூக்கிப் போட்டேன், நீங்களும் நம்பிக் கழட்டிப் போடுங்க என்று சொல்லியிருக்கிறாள். மூன்று ஞாயிற்றுக்கு முன் ஆராதனைக்கு நான் கொஞ்சம் பிந்திப் போனேன். வாசலில் செருப்புகளுக்கு நடுவே அந்தப் பட்டை கிடந்தது. என் தையல் எனக்குத் தெரியாதா. உள்ளே ஓடினேன், அவர் பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய்க்கொண்டிருந்தார், முன்வரிசைப் பெஞ்சைத் தாண்டியதும் பிடிக்க ஒன்றும் இல்லை, நான் போய்ச் சேருவதற்குள் விழுந்துவிட்டார். மணிக்கட்டு உடைந்தது. தூக்கி உட்காரவைத்தால் அவர் அழுதது வலிக்காக இல்லை, எனக்கு விசுவாசம் பத்தலைண்ணே என்று அழுதார். விழுந்தவரே பழியையும் தூக்கிக்கொண்டார். அதைக் கேட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷன் இல்லை.

அன்று மத்தியானமே அம்மாவைச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்காரவைத்தேன். வாசலில் இருந்த இடது ஷூவை எடுத்து வந்து உள்தோலை உரித்துக் கார்க்கை வெளியே எடுத்து அவள் கையில் வைத்தேன். எடுத்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரலால் தடவினாள், இவ்வளவுதானா என்று கேட்டாள். பிறகு, இருநூறு பேர் முன்னாடி நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேனே, அப்ப நீங்க எங்க உக்காந்திருந்தீங்க என்றாள். மூன்றாவது வரிசையில் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, அவள் அதுகூடச் செய்யவில்லை. அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காரவில்லை, நாற்பது வருடத்தில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. அவள் விசுவாசத்தையே பிடுங்கிவிட்டேனோ என்று பயந்தேன். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊரில் இரண்டு பேர் தங்கியிருப்பதுபோல அந்த வாரம் போனது. சமைத்து வைப்பாள், நான் சாப்பிடுவேன், பாத்திரம் கழுவுவேன், அவ்வளவுதான்.

நாலாம் நாள் வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் சத்தமாகத்தான் வாசித்தாள். பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கு இருந்த ஸ்திரீ கூட்டத்துக்குள் புகுந்து பின்னாலிருந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட கதை. அதையே மூன்று தரம் வாசித்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல என்னிடம் சொன்னாள், தொட்ட உடனேயே அவளுக்கு நின்னு போச்சு, உடம்பு சரியாயிடுச்சு, அதோட விட்டிருக்கலாமே, எதுக்குக் கூட்டத்தை நிறுத்தி யார் தொட்டதுன்னு கேக்கணும். அவளே பதிலும் சொன்னாள். பன்னிரண்டு வருஷம் ஒளிஞ்சு ஒளிஞ்சு வாழ்ந்தவ, அப்படியே போயிருந்தா சுகத்தையும் ஒளிச்சு வச்சுக்கிட்டுத்தான் வாழ்ந்திருப்பா, அதான் நிறுத்தினார், அவ நடுங்கிக்கிட்டே உண்மை எல்லாத்தையும் எல்லார் முன்னாலயும் சொன்னா, அதுக்கப்புறம்தான் மகளேன்னு கூப்பிட்டு சமாதானத்தோட போன்னு அனுப்பினார். இதைச் சொல்லிவிட்டு, அவர் மகளேன்னு கூப்பிட்டாரு, நான் என் மகளை என்னன்னு கூப்பிட்டேன் என்று கேட்டாள், அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். எனக்குச் சுகம் என்றால் அளவுதான் பாப்பா, நாலு பலகை, பதினெட்டு மில்லிமீட்டர், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. யாக்கோபு தேவனோட போராடினதுல தொடைச்சந்து சுளுக்கி நொண்டிக்கிட்டேதான் ஆசீர்வாதத்தை வாங்கிக்கிட்டுப் போனான், அவன்கிட்ட யாரும் தடியைக் கீழே போடச் சொல்லல என்று அவள் சொன்னபோது அவள் தடியை எடுத்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் சாய்த்து வைத்தேன்.

போன ஞாயிறு அவள் போதகரிடம் சாட்சி சொல்ல நேரம் கேட்டாள், அவரும் வழக்கமான சாட்சி என்று சந்தோஷமாகக் கொடுத்தார். இவள் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டாள். தடியை ஊன்றிக்கொண்டு நடு வழியில் வெறுங்காலோடு நொண்டி நொண்டி முன்னால் போனாள், நான் பிடிக்கப் போனதற்கு வேண்டாம் என்றாள், தடி தரையில் படுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. என் கால் வளரல, என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம ஷூவுக்குள்ள கார்க் வச்சிருந்தார், அது தெரியாம நான் இந்த அம்மாவை விழ வச்சேன், தூரத்துல இருக்கிற என் பொண்ணு மேல என் காலோட பழியைப் போட்டேன், அவ ஒரு பாவமும் அறியாதவ, அவளைப் பத்தி நீங்க யாராவது ஏதாவது நினைச்சிருந்தா அதை இங்கேயே விட்டுடுங்க என்றாள். நான் எழுந்து, அவ சொல்றது சரி, நான்தான் வச்சேன் என்றேன். போதகருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, காணிக்கைப் பாட்டைத் தொடங்கிவிட்டார். சிலர் முகம் சுளித்தார்கள், இரண்டு வீட்டார் இப்போது எங்களோடு பேசுவதில்லை, மைக் ஐயாவுக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கல்லாக்காரம்மா மட்டும் கட்டுப்போட்ட கையோடு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், என்னைப் பார்த்து, அண்ணே எனக்கும் உள்ளே வச்சு ஒரு அற்புதம் தைச்சுக் குடுங்க, ஆனா சொல்லிட்டுத் தைங்க என்றார். அம்மா சிரித்துவிட்டாள். திரும்பி வரும்போது, நான் கார்க்கைத் திரும்ப வைத்து ஒட்டிக்கொடுத்த அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் நடந்தாள், பேச்சுத்தான் இல்லை.

அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. நான் கேட்டேன். பரவாயில்லைன்னு நான் இப்ப சொன்னா அதுவும் ஒரு கார்க்தான், உள்ளே வச்சுக்கிட்டு நேரா நடக்கிற மாதிரி காட்டணும், நாள் ஆகட்டும் என்றாள். சரி என்றேன். உபவாசத்தை விட்டுவிட்டாள், மாத்திரை சரியாகப் போடுகிறாள், சாயங்கால ஜெபத்தில் உன் பெயர் முதலில் வருகிறது, திருந்த வேண்டும் என்று இல்லை, வெறும் பெயர் மட்டும். நேற்று அவளாகவே, அவ போனை எடுத்தா நான் என்னங்க பேசுறது என்று என்னிடம் கேட்டாள்.

உனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம்தான். நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றே வேலை செய்கிறாய், உன் கால் அளவு என்னிடம் இருக்கிறது, இந்த வாரம் ஒரு ஜோடி உள்தோல் அனுப்புகிறேன், இரண்டும் ஒரே தடிமன்தான், சந்தேகம் இருந்தால் அளந்து பார். நேரத்துக்குச் சாப்பிடு. நீ ஆராதனைக்குப் போகிறாயா இல்லையா என்று இந்த வீட்டில் இனி யாரும் கேட்கமாட்டார்கள், போக வேண்டும் என்று தோன்றினால் போ. ஆண்டவர் உன்னை முழுசாகக் காக்கட்டும், உடம்பை மட்டுமல்ல. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் கூப்பிடுகிறோம், இந்தத் தடவை எண்ணை அழுத்துவது நான், முதலில் பேசுவதும் நான். நீ சின்ன வயதிலிருந்தே யார் எதைச் சொன்னாலும் பரவாயில்லப்பா என்று சட்டென்று சொல்லிவிடுகிற பிள்ளை. இதற்கு அப்படிச் சொல்லாதே. கோபம் இருந்தால் கோபப்படு, நாள் எடுத்துக்கொள், வருஷம் எடுத்தாலும் சரி. போனை மட்டும் எடு பாப்பா.

என்றும் உன் நலத்துக்காக வேண்டிக்கொள்ளும்
உன் அப்பா